சாஃப்ட்பால் பேஸ் ஓட்டமும் அப்பீலும்: அம்பயரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெல்டா மாவட்டங்களின் பள்ளி, கல்லூரித் திடல்களில் சாஃப்ட்பால் ஆடும் மாணவியரும், அவர்களை அழைத்து வரும் உடற்கல்வி ஆசிரியர்களும், வேப்பமர நிழலில் அமர்ந்து பார்க்கும் பெற்றோரும் ஆட்டம் முடிந்தபின் அம்பயர்களைச் சூழ்ந்துகொண்டு கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. பிட்ச்சிங், பேட்டிங் குறித்த ஐயங்களை விட்டுவிட்டு, பேஸ்களுக்கிடையே (பேட்டர் அடித்துவிட்டு ரன்னராக வரிசையாக மிதித்து ஓட வேண்டிய இடங்கள்; கடைசி இடமான ஹோம் பிளேட்டைத் தொட்டால் ஒரு ரன்) நடப்பதை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பதில்கள் ஃபாஸ்ட்பிட்ச் (பந்தை வேகமாக வீசும் வகை) ஆட்டத்துக்கு உரியவை. போட்டி நடத்துபவர்கள் விதியில் எதையேனும் மாற்றியிருந்தால், அதை ஆட்டம் தொடங்குமுன் இரு அணிகளுக்கும் சொல்லியிருக்க வேண்டும்.

ரன்னர் இரண்டாம் பேஸை மிதிக்காமலே மூன்றாம் பேஸுக்கு ஓடினார். அம்பயர் அதை நேராகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு ஏன் அவுட் கொடுக்கவில்லை?

யாரும் கேட்கவில்லை என்பதால்தான். பேஸை விட்டுவிட்டு ஓடுவது அப்பீல் செய்தால் மட்டுமே அவுட்டாகும் குற்றம். ஃபீல்டிங் அணி அதைக் கவனித்து, முறைப்படி கேட்கும் வரை அம்பயர் தாம் கண்டதை மனத்துக்குள் வைத்திருக்க வேண்டும். முகத்தைச் சுளிப்பதோ, அந்தப் பேஸைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதோகூட ஒரு அணிக்குத் துப்புக் கொடுப்பதாகும்.

நம் ஊரில் கிரிக்கெட் பார்க்காதவர் குறைவு என்பதால் அதைக்கொண்டே விளக்கலாம். கிரிக்கெட்டின் 31-ஆம் விதிப்படி ஃபீல்டிங் அணி அப்பீல் செய்யாமல் அம்பயர் எந்த பேட்டரையும் அவுட் என்று அறிவிக்க முடியாது. சாஃப்ட்பாலில் அப்படி எல்லாவற்றுக்கும் கேட்க வேண்டியதில்லை. டேக் செய்தாலோ (பந்தால் ரன்னரைத் தொட்டாலோ), பந்தோடு பேஸை முந்தி மிதித்தாலோ அம்பயர் தாமாகவே கையை உயர்த்துவார். குறிப்பிட்ட சில தவறுகளுக்கு மட்டுமே அப்பீல் தேவை. இந்த வேறுபாடு தெரியாத பார்வையாளர்கள்தான் அம்பயர் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார் என்று கூச்சலிடுகிறார்கள்.

எவையெல்லாம் அப்பீலுக்கு உரியவை?

முதலாவது, பேஸை மிதிக்காமல் கடப்பது. இரண்டாவது, உயர்ந்து சென்ற பந்து பிடிக்கப்பட்டபோது உரிய நேரத்துக்கு முன்பே பேஸை விட்டு ஓடுவது. மூன்றாவது, பேட்டிங் வரிசை மாறி வருவது. இது ஓட்டத்தோடு நேரடித் தொடர்பில்லாதது. நான்காவது, முதல் பேஸைத் தாண்டி ஓடிய பேட்டர் இரண்டாம் பேஸை நோக்கி முனைந்துவிட்டுத் திரும்புவது. இந்த நான்காவதில், அவர் எந்தப் பக்கம் திரும்பினார் என்பது முக்கியமல்ல; இரண்டாம் பேஸுக்குப் போக முயன்றாரா என்பதே கேள்வி. வலப்பக்கம் திரும்பினால் எந்நிலையிலும் சேஃப் என்ற நம்பிக்கை நம் பள்ளிகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அது தவறு.

அப்பீல் தேவைப்படாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். பிட்ச்சரின் கையைவிட்டுப் பந்து வெளியேறுமுன் ரன்னர் பேஸைவிட்டு நகர்ந்தால், அம்பயர் தாமே ஆட்டத்தை நிறுத்தி, அந்தப் பந்து செல்லாது என்றும் ரன்னர் அவுட் என்றும் அறிவிப்பார். பிட்ச்சர் பந்தோடு, தாம் வீசும் இடத்தைச் சுற்றியுள்ள 2.44 மீட்டர் ஆர வட்டத்துக்குள் நிற்கும்போது ரன்னர் பேஸ்களுக்கு நடுவில் தயங்கி நின்றாலும், பேஸில் நிலைகொண்டபின் மீண்டும் நகர்ந்தாலும் அப்படியே. முன்னால் ஓடும் ரன்னரைப் பின்னால் வருபவர் முந்திவிட்டாலும் முந்தியவர் உடனே அவுட்.

கேட்ச் பிடித்தபின் ஓடும்போது, எந்த நொடியில் பேஸை விடலாம்?

ஃபீல்டர் பந்தை முதலில் தொட்ட நொடியில். பந்து கையில் உறுதியாக அடங்கிய நொடியில் அல்ல. அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட விதி இதுவாகத்தான் இருக்கும். பந்து ஃபீல்டரின் கையுறையில் பட்டுத் துள்ளி, மார்பில் மோதி, மறுபடி கையுறைக்குள் விழுந்தால் அது கேட்ச்தான். ஆனால் ரன்னர் முதல் தொடுதலிலேயே கிளம்பியிருந்தால் அதில் பிழை எதுவும் இல்லை. விதி வேறுவிதமாக இருந்தால், ஃபீல்டர்கள் வேண்டுமென்றே பந்தைத் தட்டித் தட்டிக் கொண்டுவந்து ரன்னரை நிறுத்தி வைத்துவிடுவார்கள்.

அம்பயருக்கு இதில் உள்ள சிரமம், ஒரே நேரத்தில் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும் என்பது. பந்து எல்லையோரம் இருக்கும். ரன்னரின் கால் மூன்றாம் பேஸில் இருக்கும். எனவே, இரண்டையும் ஒரே நேர்க்கோட்டில் காணும்படி அம்பயர் நகர்ந்து நிற்பார். ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டியவர் ஏன் கோட்டோரமாக ஓடுகிறார் என்று வியப்பவர்களுக்கு இதுவே விடை. மார்கழிக் காலையில் வயல்வெளியிலிருந்து பனி எழுந்து திடலின் மறுகோடியை மறைக்கும் நேரத்தில் ஆட்டம் வைத்தால், தொடுதலைக் கண்டு தீர்ப்புச் சொல்வது எவராலும் இயலாது. வெயில் ஏறும் வரை போட்டி நடத்துபவர்கள் பொறுத்திருப்பது நல்லது.

அப்பீலை எப்படிச் செய்ய வேண்டும்?

இரண்டு வழிகள் உள்ளன. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது, பந்தை வைத்திருக்கும் ஃபீல்டர் விடுபட்ட பேஸை மிதித்தோ, தவறிய ரன்னரைத் தொட்டோ, தாம் எதற்காக அப்படிச் செய்கிறோம் என்பதை அம்பயருக்குத் தெளிவாக்க வேண்டும். ஒன்றும் சொல்லாமல் தற்செயலாக பேஸை மிதித்தபடி பந்தைக் கைமாற்றினால் அது அப்பீல் ஆகாது.

மற்றது, எல்லா ரன்னர்களும் ஓடி முடித்து, அம்பயர் டைம் சொல்லி ஆட்டத்தை நிறுத்தியபின் வாயால் கேட்பது. இதற்குப் பந்து கையில் இருக்க வேண்டிய அவசியமில்லை. பந்து வீசும் பிட்ச்சர், பேட்டருக்குப் பின்னால் நின்று பிடிக்கும் கேட்சர் உட்பட, பேஸ்களருகே நிற்கும் உள்கள ஃபீல்டர்களில் எவரும் கேட்கலாம். சில விதிப்புத்தகங்கள் பயிற்சியாளருக்கும் இந்த உரிமையைத் தருகின்றன என்பதால், போட்டிக்கு எந்தப் புத்தகம் என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

கேட்கும்போது ரன்னரையும் பேஸையும் குறிப்பிட வேண்டும். “சார், அந்தப் பொண்ணு ஏதோ பேஸை விட்டுட்டா” என்பது போதாது. “சார், ஏழாம் நம்பர் செகண்ட் பேஸை மிதிக்கலை” என்றால் அம்பயர் உடனே தீர்ப்புச் சொல்வார். யார், எந்த பேஸ் என்று அம்பயர் திருப்பிக் கேட்கலாம். ஆனால் விடையை அவர் எடுத்துக்கொடுக்கக் கூடாது. பயிற்சி நேரத்தில் வீசவும் அடிக்கவும் கற்றுத்தரும் ஆசிரியர்கள், இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லவும் மாணவியரைப் பழக்குவதில்லை. குழுவாகக் கையை உயர்த்திக் கூவுவதையே அப்பீல் என்று நினைத்து, கிடைக்க வேண்டிய அவுட்டை இழக்கும் அணிகள் அதிகம்.

எவ்வளவு நேரத்துக்குள் கேட்க வேண்டும்?

அடுத்த பந்து வீசப்படுமுன். அந்தப் பந்து முறையாக வீசப்பட்டதா, இல்லையா என்பது பொருட்டல்ல. வீசிவிட்டால் உரிமை போயிற்று. இன்னிங்ஸின் கடைசி நிகழ்வாக இருந்தால், உள்கள ஃபீல்டர்கள் எல்லைக்குள்ளிருந்து வெளியேறி, பிட்ச்சரும் கேட்சரும் தம் அணி அமரும் இடத்தை நோக்கிக் கோட்டைக் கடக்குமுன் கேட்க வேண்டும். ஆட்டத்தின் கடைசி நிகழ்வாக இருந்தால், அம்பயர்கள் திடலைவிட்டுப் போகும் வரை கேட்கலாம்.

மூன்றாவது அவுட் அப்பீலால் வந்தால், அதற்குமுன் ஹோம் பிளேட்டைத் தொட்டவரின் ரன் சேருமா?

ஸ்கோர் எழுதுபவர்கள் தடுமாறும் இடம் இது. அந்த மூன்றாவது அவுட் எந்த வகையைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்தே விடை அமையும். பேட்டர் முதல் பேஸை அடையுமுன் ஆன அவுட்டாகவோ, ஃபோர்ஸ் அவுட்டாகவோ (பின்னால் வருபவருக்காக முன்னேறியாக வேண்டிய ரன்னர் அடுத்த பேஸை அடையுமுன் ஆகும் அவுட்) இருந்தால் எந்த ரன்னும் சேராது. மற்ற வகையாக இருந்தால், அவுட் ஆனவருக்கு முன்னால் ஓடிய ரன்னர் எப்போது ஹோம் பிளேட்டைத் தொட்டார் என்பதைப் பார்க்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு அவுட் ஆகியிருக்கிறது. முதல் பேஸிலும் மூன்றாம் பேஸிலும் ரன்னர்கள் நிற்கிறார்கள். பேட்டர் உயர அடித்த பந்து எல்லையோரம் பிடிக்கப்படுகிறது, இரண்டு அவுட். மூன்றாம் பேஸ் ரன்னர் முறையாகக் காத்திருந்து ஓடி ஹோம் பிளேட்டைத் தொடுகிறார். முதல் பேஸ் ரன்னரோ பந்து பிடிபடாது என்று நினைத்து இரண்டாம் பேஸருகே போய்விட்டு அலறியடித்துத் திரும்புகிறார். பந்து முதல் பேஸுக்கு எறியப்பட்டு, அவர் வருமுன் பேஸ் மிதிக்கப்படுகிறது, மூன்று அவுட். இப்போது ரன் உண்டா?

மூன்றாம் பேஸ் ரன்னர் அதற்குமுன் ஹோம் பிளேட்டைத் தொட்டிருந்தால் உண்டு. பேஸை மிதித்துப் பெற்ற அவுட் என்பதால் அதை ஃபோர்ஸ் என்று எல்லோரும் சொல்வார்கள்; ஆனால் பேட்டர் கேட்ச்சில் அவுட் ஆனதுமே எவரும் முன்னேறியாக வேண்டும் என்ற கட்டாயம் நீங்கிவிடுகிறது. திரும்பி வருவது ஃபோர்ஸ் ஆகாது.

இன்னொன்று. இரண்டு அவுட், இரண்டாம், மூன்றாம் பேஸ்களில் ரன்னர்கள். பேட்டர் நீண்ட அடி அடித்து இரண்டாம் பேஸை அடைகிறார். இருவரும் ஓடி முடித்துவிடுகிறார்கள். ஆனால் பேட்டர் முதல் பேஸை மிதிக்கவில்லை என்று அப்பீல் வருகிறது. அம்பயரும் அதைக் கண்டிருக்கிறார். இந்த அவுட் பேட்டர் முதல் பேஸை அடையுமுன் ஆனதாகவே கருதப்படும். எனவே இரண்டு ரன்களும் போய்விடும். இரண்டு ரன்னர்களும் எந்தத் தவறும் செய்யவில்லையே என்று அவர்களுடைய ஆசிரியர் வாதாடுவது இயல்பு, ஆனால் விதி அப்படித்தான்.

மூன்று அவுட் ஆனபின் நான்காவது அவுட் என்று ஒன்று உண்டா?

உண்டு. மேற்சொன்ன எடுத்துக்காட்டைச் சற்று மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு அவுட், இரண்டாம், மூன்றாம் பேஸ்களில் ரன்னர்கள். கேட்ச் பிடிபடுகிறது. மூன்றாம் பேஸ் ரன்னர் முன்கூட்டியே கிளம்பி ஹோம் பிளேட்டைத் தொட்டுவிடுகிறார். அதன்பின், மூன்றாம் பேஸை நோக்கி ஓடிய இரண்டாமவர் டேக் செய்யப்படுகிறார்; மூன்று அவுட். டேக் ஆவதற்குமுன் ஹோம் பிளேட் தொடப்பட்டுவிட்டதால் ரன் கணக்கில் இருக்கிறது. ஃபீல்டிங் அணி மகிழ்ச்சியில் ஓடிப்போய் அமர்ந்துவிட்டால் அது அப்படியே நிலைத்துவிடும். ஒரே ஒரு ஃபீல்டர் நிதானமாக நின்று, மூன்றாம் பேஸ் ரன்னர் முன்கூட்டியே கிளம்பினார் என்று அப்பீல் செய்தால், அந்த நான்காவது அவுட் ரன்னை நீக்கிவிடும்.

முதல் பேஸில் பந்தும் காலும் ஒரே நேரத்தில் சேர்ந்தால்?

விதி, ஃபீல்டர் பந்தோடு பேஸை முந்தி மிதித்தால் அவுட் என்கிறது. முந்தவில்லை என்றால் அவுட் இல்லை. ஆகவே உண்மையிலேயே ஒன்றாக வந்தால் சேஃப். ஆனால் அனுபவமுள்ள அம்பயர்கள் ஒன்றாக வந்தது என்று பெரும்பாலும் கருதுவதில்லை. அவர்கள் எறியப்படும் பந்தின் பாதைக்குக் குறுக்காகச் சில அடி தள்ளி நின்று, கண்ணை பேஸின் மேலும் காலின் மேலும் வைத்துக்கொண்டு, பந்து கையுறையில் விழும் சத்தத்தைக் காதால் கேட்கிறார்கள். கால் மிதித்ததைக் கண் சொல்லும். பந்து வந்ததைக் காது சொல்லும்.

வைகாசித் திருவிழா நேரத்தில் பக்கத்துக் கோயிலின் ஒலிபெருக்கி திடலை நோக்கித் திரும்பியிருந்தால் இந்த முறை பயன்படாது. அப்போது கையுறை மூடுவதையும் காலையும் ஒரே பார்வைக்குள் கொண்டுவர இன்னும் சற்றுப் பின்வாங்கி நிற்பதுதான் வழி. பேட்டர் முதல் பேஸை மிதிக்காமலே பந்துக்கு முன் கடந்துவிட்டால், அப்பீல் வரும் வரை அவர் சேஃப் என்றே கொள்ளப்படுவார் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

டேக்கைத் தவிர்க்க ரன்னர் எவ்வளவு விலகலாம்?

மூன்று அடி, அதாவது ஏறத்தாழ 91 சென்டிமீட்டர். இரண்டு பேஸ்களுக்கு நடுவே வெள்ளைச் சுண்ணாம்புக் கோட்டைக் கற்பனை செய்து அதிலிருந்து அளப்பது பிழை. ஃபீல்டர் பந்தோடு டேக் செய்ய முனையும் நொடியில் ரன்னர் எங்கே இருக்கிறாரோ அங்கிருந்து பேஸுக்குச் செல்லும் நேர்க்கோடுதான் அளவுகோல். ஃபீல்டர் கையில் பந்து இல்லாதபோது ரன்னர் அகலமாக வளைந்து ஓடுவதில் தவறே இல்லை.

ரன்னரும் ஃபீல்டரும் மோதிக்கொண்டால் யார் மேல் குற்றம்?

அடிக்கப்பட்ட பந்தை எடுக்க முனையும் ஃபீல்டருக்கே வழி உரியது. ரன்னர் அறியாமல் மோதியிருந்தாலும் அவுட். ஆட்டம் உடனே நின்றுவிடும். எறியப்பட்ட பந்தானால் ரன்னர் வேண்டுமென்றே தடுத்தாரா என்று பார்க்க வேண்டும். இந்த வேறுபாட்டைப் பெற்றோருக்கு விளக்குவதற்குள் அடுத்த இன்னிங்ஸ் வந்துவிடும்.

மறுபுறம், பந்து கையில் இல்லாத, பந்தை எடுக்கவும் முனையாத ஃபீல்டர் வழியில் நின்றால் தடை அவருடையது. பந்து வந்துகொண்டிருந்தது என்பது காரணமாகாது. அம்பயர் இடக்கையை நீட்டித் தடையைக் குறிப்பார், ஆனால் ஆட்டத்தை நிறுத்தமாட்டார். ஆட்டம் ஓய்ந்தபின், தடை இல்லாதிருந்தால் ரன்னர் எந்த பேஸை அடைந்திருப்பார் என்று தாம் கருதுகிறாரோ அதை வழங்குவார். முழுக்க முழுக்க அம்பயரின் கணிப்பு இது. ஆனால் தடைபட்டவர் என்பதற்காக எல்லாவற்றுக்கும் விலக்கு இல்லை. தடையோடு தொடர்பில்லாமல் அவர் ஒரு பேஸை மிதிக்காமல் போயிருந்தால், முறையான அப்பீலில் அவுட்தான்.

எறிந்த பந்து வாய்க்காலில் விழுந்துவிட்டால்?

எங்கள் பக்கத் திடல்களில் ஒரு புறமாவது வாய்க்காலோ வரப்போ இருக்கும். ஆனி, ஆடியில் தண்ணீர் வந்துவிட்டால் பந்து மிதந்துகொண்டே அடுத்த ஊருக்குப் போவதும் உண்டு. ஆட்டம் தொடங்குமுன் இரு கேப்டன்களையும் அழைத்து, வாய்க்காலின் உட்கரையே எல்லை என்று முடிவுசெய்துவிட வேண்டும். எறிந்த பந்து எல்லையைத் தாண்டினால், அது கையைவிட்ட நேரத்தில் ஒவ்வொரு ரன்னரும் கடைசியாகத் தொட்டிருந்த பேஸிலிருந்து இரண்டு பேஸ்கள் கிடைக்கும். வழங்கப்பட்ட பேஸ்களையும் மிதித்தே செல்ல வேண்டும். நடந்து போகிறோம் என்ற அலட்சியத்தில் ஒன்றைத் தாண்டிவிட்டால் அதற்கும் அப்பீல் உண்டு.

மணல் நிரப்பிய சாக்குதான் எங்களுக்கு பேஸ். அது நழுவிப்போனால்?

ஐப்பசி மழைக்குப் பிறகு வண்டல் மண்ணில் முளை பிடிக்காது. முதல் சறுக்கலிலேயே சாக்கு ஓரடி நகர்ந்துவிடும். அதை நகர்த்திய ரன்னரும், அதே ஓட்டத்தில் பின்னால் வருபவரும் இடம்மாறிய சாக்கைத் துரத்திக்கொண்டு போக வேண்டியதில்லை. பேஸ் இருந்த இடத்தை அடைந்தவர் மிதிக்கவில்லை என்று அப்பீல் செய்தால் அம்பயர் ஏற்கமாட்டார்.

தீர்ப்பு தவறு என்று தோன்றினால் முறையீடு செய்யலாமா?

எதைத் தவறு என்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ரன்னர் முன்கூட்டியே கிளம்பவில்லை என்று அம்பயர் சொன்னால் அது அவர் கண்டது. அதன்மேல் முறையீடு இல்லை. கேட்ச்சுக்குப்பின் திரும்பி வந்தவர் அவுட்டானதை ஃபோர்ஸ் என்று கூறி ரன்னை நீக்கினால், அது விதியைத் தவறாகப் பயன்படுத்தியது. அடுத்த பந்துக்குள் முறையீட்டைத் தெரிவிக்கலாம்.

விதியைத் தவறாகக் கொண்டதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, 2008 ஏப்ரலில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நடந்த ஒரு கல்லூரி சாஃப்ட்பால் ஆட்டம். வெஸ்டர்ன் ஆரிகன் அணியின் சாரா டுகோல்ஸ்கி வேலியைத் தாண்டி ஹோம் ரன் அடித்தார். ஓடும்போது முதல் பேஸை மிதிக்கத் தவறிவிட்டதை உணர்ந்து திரும்பியபோது முழங்கால் தசைநார் அறுந்து விழுந்தார். மாற்று ரன்னரை அனுப்பினால் அடி ஒரு பேஸுக்குரியதாகவே கணக்கிடப்படும் என்று அம்பயர்கள் தெரிவித்தார்கள். எதிரணியான சென்ட்ரல் வாஷிங்டனின் மல்லரி ஹோல்ட்மனும் லிஸ் வாலஸும் அவரைத் தூக்கிச் சென்று, ஒவ்வொரு பேஸிலும் அவர் காலைத் தொடவைத்து ஹோம் பிளேட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மாற்று ரன்னரே அந்த ஓட்டத்தை முடித்திருக்கலாம் என்பது பிறகுதான் தெளிவானது. அந்த இருவரின் பெருந்தன்மையை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அம்பயர்களாகிய நாங்கள் அந்த விதியையும் சேர்த்து நினைவில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

வெற்றி ரன் வந்ததும் மாணவர்கள் திடலுக்குள் பாய்ந்துவிடுகிறார்கள். அதனால் என்ன கெட்டுவிடும்?

வெற்றியே கெட்டுவிடலாம். 1908 செப்டம்பர் 23 அன்று நியூயார்க்கில் ஜயன்ட்ஸும் சிகாகோ கப்ஸும் ஆடிய பேஸ்பால் ஆட்டத்தில், ஒன்பதாம் இன்னிங்ஸில், இரண்டு அவுட் ஆனநிலையில், வெற்றிக்கான அடி விழுந்ததும் கூட்டம் உள்ளே இறங்கியது. முதல் பேஸில் இருந்த ஃபிரெட் மெர்க்கல் இரண்டாம் பேஸைத் தொடாமலே வெளியேறினார். கப்ஸ் அணியின் ஜானி எவர்ஸ் பந்தோடு இரண்டாம் பேஸை மிதித்தார். ஃபோர்ஸ் அவுட் என்பதால் ரன் நீக்கப்பட்டு, ஆட்டம் 1-1 என்று சமனானது. மீண்டும் ஆடியபோது கப்ஸ் வென்றது. கடைசி ரன்னர் வரை எல்லோரும் அடுத்த பேஸைத் தொட்டு முடிக்கட்டும். பிறகு மாணவர்கள் உள்ளே வரலாம்.

ஒரு அப்பீல் மறுக்கப்பட்டபின் அதே ரன்னர் மீது மீண்டும் கேட்கலாமா?

அதே பேஸ் குறித்துக் கேட்க முடியாது. வேறொரு பேஸை விட்டார் என்றோ, வேறொரு ரன்னர் தவறினார் என்றோ அடுத்த பந்துக்குள் கேட்கலாம்.